உருளைக்கிழங்கை ஓவனில் வெச்சாச்சா? அது வேகறதுக்குள்ள ரம்ஃபோர்டு பிரபுவைத் தெரிஞ்சுக்கோங்க!

புதுசா ஓவன் வாங்கினவங்க பெரும்பாலும் கேக்கில்தான் முதல்ல கை வைப்பாங்க. மாவு, முட்டை, பேக்கிங் பவுடர்னு ஏதாவது ஒண்ணு அளவு மாறினாலும் சொதப்பிடும். அதுக்குப் பதிலா ஓர் உருளைக்கிழங்கில் ஆரம்பிச்சுப் பாருங்க. நல்லா கழுவி, ஈரம் போகத் துடைச்சு, ஃபோர்க்கால ஏழெட்டு இடத்துல குத்துங்க. தோல் மேல கொஞ்சம் எண்ணெயும் உப்பும் தடவி, முன்கூட்டியே 200 டிகிரி செல்சியஸில் சூடான ஓவனில், கம்பித் தட்டு மேல நேரடியா வைங்க. கால் கிலோ எடையுள்ள கிழங்குன்னா கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். கத்தி நுனி தடையில்லாம நடுவரைக்கும் இறங்கினா வெந்தாச்சு.

ஃபாயில் சுத்தணுமா, ஏன் இவ்வளவு நேரம் ஆகுது, வெளியே எடுத்து 10 நிமிஷம் ஆன பிறகும் உள்ளே ஏன் நாக்கைச் சுடுது... இந்த மாதிரி கேள்விகளை 200 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் தலையில போட்டுக் குடைஞ்சுக்கிட்டிருந்தார். அவர் பேர் பெஞ்சமின் தாம்சன். வரலாறு அவரை ரம்ஃபோர்டு பிரபு என்ற பெயரில் நினைவில் வைத்திருக்கிறது. விஞ்ஞானி, போர்த் துறை அமைச்சர், ஒற்றர் என எல்லாமாகவும் இருந்தவர். ரொம்ப நல்ல மனுஷன்னு சொல்லிட முடியாது. ஆனா, சமையலறையை அவர் அளவுக்கு சீரியஸா எடுத்துக்கிட்ட விஞ்ஞானிகள் ரொம்பக் குறைவு.

1753 மார்ச் 26 அன்று, அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், வோபர்ன் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் தாம்சன். கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். 13 வயதில் சேலத்தில் ஒரு கடைக்கு வேலை பழக அனுப்பினார்கள் (நம்ம சேலம் இல்லை, அமெரிக்கச் சேலம்!). பையனுக்கு வியாபாரத்தில் மனசு ஓடவில்லை. பட்டாசு மருந்து இடிக்கப்போய், அது வெடித்துக் காயம்பட்டதுதான் மிச்சம். பிறகு ஹார்வர்டில் நடந்த அறிவியல் வகுப்புகளைக் கேட்பதற்காக வோபர்னில் இருந்து நண்பர் ஒருவருடன் நடந்தே போய் வந்தார்.

வாழ்க்கை மாறியது 1772-ல். நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள கான்கார்டு என்ற ஊருக்கு வாத்தியாராகப் போனவர், சாரா ரோல்ஃப் என்ற வசதியான விதவையைத் திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைக்கு 19 வயது. பெண் 14 வயது மூத்தவர். அந்த ஊரின் பழைய பெயர் ரம்ஃபோர்டு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

அமெரிக்கா விடுதலைக்காகக் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. தாம்சன் பிரிட்டிஷ் மன்னர் பக்கம். 1774-ல் மகள் பிறந்த சில வாரங்களில், ஆத்திரத்துடன் வந்த ஊர்க்காரர்களிடம் சிக்காமல் கான்கார்டைவிட்டே ஓடினார். அடுத்த ஆண்டு கண்ணுக்குத் தெரியாத மையில் பிரிட்டிஷ் படைக்கு உளவுக் கடிதம் எழுதினார். 1775 அக்டோபரில் மொத்தமாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவர், மனைவியை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. சாரா 1792-ல் இறந்தார்.

லண்டனில் பதவி, ராயல் சொசைட்டி உறுப்பினர் அந்தஸ்து, 1784-ல் சர் பட்டம் என மளமளவென்று மேலே போனார். பிறகு, ஜெர்மனியின் பவேரியாவை ஆண்ட கார்ல் தியோடரிடம் வேலைக்குச் சேர்ந்தார். உருளைக்கிழங்கு இவர் கதைக்குள் வருவது இங்கேதான்.

மியூனிக் நகரில் படைவீரர்களுக்கு ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்துத் தோட்டம் போடச் சொன்னார். விளைந்ததை அவர்களே சாப்பிடலாம். பவேரியாவில் அப்போது பெரும்பாலானவர்கள் சீண்டாத உருளைக்கிழங்கு இப்படித்தான் வீரர்களின் கைக்கு வந்தது. லீவில் ஊருக்குப் போனவர்கள் விதைக்கிழங்கையும் கூடவே கொண்டுபோனார்கள். மியூனிக்கில் இன்றைக்கும் மக்கள் காலாற நடக்கிற ஆங்கிலப் பூங்காவும் 1789-ல் இவர் யோசனையில் உருவானதுதான்.

அடுத்து, 1790 ஜனவரி 1. புத்தாண்டுக்கு தர்மம் வாங்க யாசகர்கள் தெருவில் நிறைந்திருக்கும் நாள். வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தெடுத்து, படைவீரர்களை இறக்கி எல்லோரையும் பிடித்துவந்தார். ஒரே வாரத்தில் 2,600 பேர் பட்டியலில் ஏறினார்கள். தண்டனை எதுவும் கிடையாது. கதகதப்பான கூடம், சூடான சாப்பாடு, ராணுவத்துக்குத் துணி நூற்கும், நெய்யும் வேலை, அதற்குக் கூலி. வர மறுக்கும் உரிமை யாருக்கும் இருந்ததா என்றால், இல்லை. பசியைத் தீர்த்த அந்தத் திட்டத்தில் அதிகாரத்தின் கையும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

இத்தனை பேருக்குக் குறைந்த செலவில் சமைக்கணும். பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் வினிகர், உப்பு, தண்ணீர்... இதுதான் பின்னாளில் ரம்ஃபோர்டு சூப் என்று பேர்வாங்கியது. பரிமாறும்போது மேலே காய்ந்த ரொட்டித் துண்டுகள். மென்று சாப்பிட்டால் சாப்பிட்ட திருப்தி நீடிக்கும் என்பது அவர் கணக்கு. சிக்கல் உருளைக்கிழங்கில் வந்தது. அதைச் சாப்பிடுவதை ஏழைகளே கேவலமாக நினைத்தார்கள். அதனால் தனி அறையில் யாருக்கும் தெரியாமல் தோலுரித்து, உருத்தெரியாமல் கரையும்வரை வேகவைத்துச் சூப்பில் கலந்துவிட்டார்கள். சாப்பிட்டவர்கள் சூப் நல்லாருக்குன்னு பாராட்ட, கொஞ்ச நாள் கழித்து ரகசியத்தைச் சொன்னார்கள். அப்புறம் யாரும் முகம் சுளிக்கவில்லை. காய் சாப்பிடாத குழந்தைக்கு சப்பாத்தி மாவில் கீரையை அரைச்சுக் கலக்கிற அம்மாக்களுக்கு இந்த டெக்னிக் புதுசில்லை!

அந்தக் காலத்து ஐரோப்பியச் சமையலறையில் திறந்த அடுப்புதான். பாதிக்கு மேல் சூடு புகைபோக்கி வழியாகப் போய்விடும். மிச்சம் சமைப்பவரை வாட்டும். தாம்சன் தீயைச் செங்கல் கட்டுக்குள் அடைத்தார். மேலே பாத்திரம் உட்காரத் துளைகள், ஒவ்வொன்றுக்கும் தனித் தீ, காற்றைக் கூட்டிக் குறைக்க மூடிகள். பிறகு அவர் வடிவமைத்த ரோஸ்டர், இன்றைய ஓவனுக்கு நெருங்கிய தாத்தா. செங்கல்லுக்குள் பதித்த இரும்பு உருளை, அதன் அடியில் சூடான காற்றை உள்ளே அனுப்பும் இரண்டு குழாய்கள், மேலே ஆவியை வெளியேற்ற இன்னொரு குழாய். வேகும்வரை ஆவி உள்ளேயே இருக்கலாம். மேல்பக்கம் சிவந்து மொறுமொறுப்பாகணும்னா ஆவி வெளியே போய், உலர்ந்த சூடான காற்று படணும். இப்போ ஃபாயில் கேள்விக்குப் பதில் கிடைச்சிருக்குமே. ஃபாயில் சுற்றினால் கிழங்கிலிருந்து கிளம்பும் ஆவி அங்கேயே மாட்டிக்கொள்ளும். தோல் நமத்துப்போய், சுட்ட கிழங்குக்குப் பதிலாக அவித்த கிழங்குதான் கிடைக்கும்.

உருளைக்கிழங்கு உலர்த்துவதற்காக அவர் செய்த ஓர் இயந்திரத்தில் ஒருநாள் ஆட்டின் முன்னந்தொடைக் கறியை வைத்துச் சோதித்தார். மூன்று மணி நேரமாகியும் கறி வேகவில்லை. சூடு பத்தலைன்னு அலுத்துப்போய் விட்டுட்டார். அதைச் சமையல் பணிப்பெண்கள் ராத்திரி முழுக்க இயந்திரத்திலேயே வைத்திருந்தார்கள். காலையில் பார்த்தால், பஞ்சு மாதிரி வெந்து, சாறும் வற்றாமல் இருந்தது. குறைந்த சூட்டில் நீண்ட நேரம் சமைக்கும் முறை பற்றி அவர் எழுதியதற்கு இந்தச் சம்பவம்தான் தொடக்கம்.

வாயைச் சுட்டுக்கொண்டதைக்கூட அவர் சும்மா விடவில்லை. ஆப்பிள் பையில் உள்ள ஆப்பிளும், கெட்டியான அரிசி சூப்பும் மட்டும் ஏன் ரொம்ப நேரம் ஆறாமல் இருக்கின்றன என்று யோசித்தார். தண்ணீரில் சூடு பரவுவது பெரும்பாலும் நீரோட்டத்தால். கெட்டியான பண்டத்துக்குள் தண்ணீர் நகர வழியில்லை, அதனால் சூடும் மாட்டிக்கொள்கிறது என்று கண்டுகொண்டார். உங்க கிழங்கிலும் அதேதான் நடக்குது. மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்பிப் பிடித்துக்கொள்வதால், சூடு தோலிலிருந்து நடுப்பகுதிக்கு நத்தை வேகத்தில்தான் போகும். போனது அவ்வளவு சீக்கிரம் வெளியேயும் வராது. வெந்ததும் உடனே குறுக்கே கீறி, ரெண்டு பக்கமும் அழுத்தித் திறந்துவிடுங்க. ஆவி போய் உள்ளே பொலபொலன்னு இருக்கும், நாக்கும் தப்பிக்கும்.

மியூனிக் ஆயுதக் கிடங்கில் பீரங்கிக்குத் துளையிடும்போது உலோகம் கொதிப்பதையும் கவனித்தார். மழுங்கிய கருவியால், குதிரைகளை வைத்துச் சுற்றவிட்டு, பீரங்கியைச் சூழ்ந்திருந்த தண்ணீரை இரண்டரை மணி நேரத்தில் கொதிக்கவைத்தார், தீயே இல்லாமல்! வெப்பம் ஒரு பொருள் அல்ல, இயக்கம் என்று 1798-ல் வெளியான அவர் கட்டுரை வாதிட்டது. வெப்பத்தை ஒரு பொருளாகக் கருதியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே. பிரெஞ்சுப் புரட்சியில் 1794-ல் தலை துண்டிக்கப்பட்டவர்.

பவேரியா அவருக்குப் பிரபு பட்டம் கொடுத்தபோது, எந்த ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டார் தெரியுமா? மனைவியையும் குழந்தையையும் விட்டு ஓடிவந்த அதே ரம்ஃபோர்டு. குற்ற உணர்ச்சியா, வீம்பா... யார் கண்டது!

1799-ல் லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷனைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அவர். தன் அடுப்புகளுக்குக் காப்புரிமையும் வாங்கவில்லை. பிறகு பாரிஸுக்குப் போய், 1805-ல் லவாய்சியேயின் மனைவி மேரி-ஆனைத் திருமணம் செய்துகொண்டார். முதல் கணவரின் கொள்கையை உடைத்தவரே இரண்டாவது கணவர். அந்த அம்மா லவாய்சியே என்ற பெயரை விடவே இல்லை. அவருக்கு விருந்தாளிகள் வேணும், இவருக்கு அமைதி வேணும். ஒருநாள் விருந்தினர்கள் உள்ளே வர முடியாமல் இவர் வாசல் கதவைப் பூட்ட, மேரி-ஆன் இவருடைய பூச்செடிகளுக்குக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினார். 1809-ல் பிரிந்தார்கள்.

கடைசி வருஷங்களில் பாரிஸை ஒட்டிய ஓத்தோயில் தங்கி, நல்ல காபி போடுவது எப்படி என்று கட்டுரை எழுதினார். 1814 ஆகஸ்ட் 21 அன்று அங்கேயே இறந்தார்.

மகள் சாரா, அப்பாவைத் தேடி 1796-ல் ஐரோப்பாவுக்கு வந்தபோது அவளுக்கு 21 வயது. அப்பாவுடன் சில காலம் இருந்தாள், சண்டை போட்டாள், போனாள், திரும்பி வந்தாள். கடைசியில் கான்கார்டில் தான் பிறந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்து, 1852-ல் இறந்தாள். தாயில்லாப் பெண் பிள்ளைகளுக்கான காப்பகத்துக்கு சொத்தை எழுதிவைத்திருந்தாள்.