மண்ணின் மருத்துவர் கார்வர்

அடிமையாய்ப் பிறந்து அறிஞராய் உயர்ந்தவர்களுள் ஒருவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். நிலக்கடலையில் முந்நூறு பொருள்கள் கண்டவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. தாவரவியல் பயிலும் எனக்கோ அவர் மண்ணைக் காத்த பேராசிரியராகவே தோன்றுகிறார்.

1864ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து டயமண்ட் என்னும் சிற்றூரருகே அவர் பிறந்தார். கைக்குழந்தையாய் இருந்தபோது கொள்ளையர் தாயையும் சேயையும் கடத்திச் சென்றனர். சேய் மட்டுமே மீண்டது. நோஞ்சான் பிள்ளையாதலால் செடிகொடிகளோடு பழகி வளர்ந்தார். படிப்பதற்காக ஊர் ஊராக அலைந்தார். சமையல் செய்தும் துணி வெளுத்தும் வயிற்றைக் கழுவினார். கான்சாஸில் ஒரு கல்லூரி இடம் தந்துவிட்டு, நேரில் கண்டதும் கறுப்பர் என்று திருப்பி அனுப்பியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இந்த இடத்தை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. கார்வர் தளரவில்லை. அயோவா வேளாண்மைக் கல்லூரியில் 1894இல் இளநிலையும் 1896இல் முதுநிலையும் பெற்றார்.

அதே ஆண்டில் புக்கர் டி. வாஷிங்டன் அழைக்க, அலபாமாவின் டஸ்கீகி நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே அவர் கண்டது என்ன? வீட்டு வாசல்வரை பருத்தி! ஆண்டுதோறும் அதையே விதைத்ததால் நிலம் சத்திழந்தது. மழை மேல்மண்ணை அரித்துச் சென்றது. வாரத்துக்கு உழுத ஏழைக் குடியானவர்கள் சோற்றுக்கும் கடைக்காரரிடம் கடன்பட்டனர். பருத்தியைத் தின்ன முடியுமா?

கார்வர் தம் ஆய்வை இந்த ஏழைகளின் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தினார். விலை கொடுத்து உரம் வாங்க முடியாதவர்களுக்கு இலைமக்கும் சதுப்புநிலச் சேறும் உரமாகும் என்று காட்டினார். தட்டைப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்றதாக மாற்றும். ஆகவே பருத்தியோடு இவற்றை மாற்றி மாற்றிப் பயிரிடச் சொன்னார். சர்க்கரைவள்ளியும் காய்கறியும் சொந்த நிலத்தில் விளைந்தால் உணவுக்காகக் கடன் வாங்குவது குறையுமல்லவா? எளிய நடையில் 44 சிறு வெளியீடுகள் எழுதினார். பயிரிடும் முறையோடு சமைக்கும் முறையும் அவற்றில் இடம்பெற்றது. கல்லூரிக்கு வர இயலாதவர்களைத் தேடி 1906இல் ஜெசப் வண்டி புறப்பட்டது. கலப்பையும் விதையும் ஏற்றிய அந்தக் குதிரைவண்டியே அவர்களுக்கு வகுப்பறை ஆயிற்று.

பருத்திக் காய்வண்டு தென்மாநிலங்களைச் சூறையாடியபின் கடலைச் சாகுபடி பரவியது. 1921இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுமுன் கடலையின் பயன்களை விளக்கியதும் கார்வரின் புகழ் ஓங்கியது. கடலை வெண்ணெயை அவரே கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை. அவர் பெற்ற காப்புரிமைகளும் மூன்றே. அவர் கண்ட பொருள்களில் பல சந்தைக்கே வரவில்லை. ஆனால் மண்ணுக்கு அவர் சொன்ன மருந்து பொய்க்கவில்லை.

47 ஆண்டுகள் டஸ்கீகியிலேயே உழைத்து, சேமிப்பையெல்லாம் ஆய்வுக்கென ஈந்து, 1943 ஜனவரி 5 அன்று கார்வர் மறைந்தார்.

நண்பர்களே! வேர்முடிச்சை நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைந்து மதிப்பெண் வாங்குகிறோம். அந்த முடிச்சை ஓர் ஏழையின் அடுப்படி வரை கொண்டு சேர்த்தார் கார்வர். நாம் கற்ற கல்வி எந்த வாசலுக்குப் போய்ச் சேரப்போகிறது? பட்டம் பெறுமுன் எண்ணிப் பார்ப்போமாக!