மக்கள் மொழியில் நீதி

தம் நிலத்தை மீட்க ஒருவர் வழக்குத் தொடுக்கிறார். அவருக்காக வாதாடும் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் பேசுகிறார். எதிர்த்தரப்பினரும் ஆங்கிலத்திலேயே மறுக்கின்றனர். தம்மைப் பற்றி என்ன பேசப்படுகிறது என்பது வழக்குத் தொடுத்தவருக்கே விளங்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இத்தகைய காட்சிகளைக் கண்டு வருந்தியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

இவர் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். தமிழையும் ஆங்கிலத்தையும் நன்கு கற்ற இவர், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியில் சேர்ந்தார். பின்னர் அங்கேயே மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார்.

1857ஆம் ஆண்டில் வேதநாயகம் பிள்ளை முன்சீப் ஆனார். சொத்து, கடன் போன்ற வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியை அக்காலத்தில் முன்சீப் என்று அழைத்தனர். முதலில் தரங்கம்பாடியில் பணியாற்றிய இவர், பிறகு மாயூரத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தார். இன்று மயிலாடுதுறை என்று வழங்கும் அவ்வூரின் பெயர் இவர் பெயரோடு இணைந்துவிட்டது.

சட்டம் ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடாது என்று இவர் எண்ணினார். ஆகவே, 1805 முதல் 1861 வரை உயர்நிலை நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் மொழிபெயர்த்தார். 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் அந்நூல் 1862இல் வெளிவந்தது. சட்டக் கருத்துகளைத் தமிழிலும் தெளிவாகக் கூற முடியும் என்பதற்கு அந்நூலே சான்றாயிற்று.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைக் கொடும் பஞ்சம் வாட்டியது. பசியால் பலர் மாண்டனர். பிழைப்புத் தேடி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கை அடைந்தோரும் உண்டு. அப்போது வேதநாயகம் பிள்ளை தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, கஞ்சித் தொட்டிகள் அமைத்து, பசித்தவர்களுக்கு உணவளித்தார். இவருடைய கொடையை வியந்து, இசைப்புலவர் கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டு இயற்றினார்.

நீதிமன்றப் பணியிலிருந்து விலகிய பின்னரும் இவர் ஓய்ந்திருக்கவில்லை. மாயூரம் நகராட்சித் தலைவராகப் பொறுப்பேற்று ஊர் நலனுக்காக உழைத்தார். பெண்கள் கல்வி கற்பதைப் பலரும் விரும்பாத அக்காலத்தில், பெண்கல்வியை வலியுறுத்தி நூல்கள் எழுதினார். அத்துடன் நில்லாமல், மாயூரத்தில் பெண்களுக்கெனப் பள்ளியும் தொடங்கினார்.

கதைகளைக்கூடச் செய்யுளிலேயே எழுதும் வழக்கம் மிகுந்திருந்த காலம் அது. எளிய மக்களும் படித்து மகிழ வேண்டும் என விரும்பிய இவர், உரைநடையில் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் கதையை எழுதினார். 1879இல் வெளிவந்த அந்நூலே தமிழின் முதல் நாவல். அதில் ஞானாம்பாள் என்னும் பெண், ஆண் வேடமிட்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். தமிழ் பேசும் மக்களின் வழக்குகளைத் தமிழிலேயே நடத்த வேண்டும் என்ற தம் கருத்தையும் இவர் அக்கதையில் எடுத்துரைத்தார். நீதிமன்றத்தில் கண்ட குறையை நாவலின் வழியாக மக்கள் முன் வைத்தார்.

1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் வேதநாயகம் பிள்ளை மறைந்தார். நீதிபதி, நகராட்சித் தலைவர், எழுத்தாளர் எனப் பல நிலைகளில் இவர் பணியாற்றினார். எனினும், அவை அனைத்தும் ஒரே நோக்கம் கொண்டவை. நீதியானாலும் கல்வியானாலும், அது எளியவர்க்கும் விளங்க வேண்டும். அவர்களுக்கும் கிட்ட வேண்டும். அதற்காகவே இவர் தம் பதவியையும் பொருளையும் எழுத்தையும் பயன்படுத்தினார்.