கிளாரா பார்ட்டன்

கிளாரா பார்ட்டன் (டிசம்பர் 25, 1821 - ஏப்ரல் 12, 1912) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஆசிரியரும் போர்க்களச் செவிலியரும் ஆவார். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் இவரே. அவசர உதவிப் பணி, அதைச் செய்பவரின் உடலையும் மனத்தையும் எவ்வளவு பாதிக்கும் என்பதையும் இவரது வாழ்க்கை காட்டுகிறது.

இளமைக்காலம்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள நார்த் ஆக்ஸ்போர்ட் என்னும் ஊரில் ஐந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். கூரையிலிருந்து விழுந்து காயமுற்ற தமையனைச் சிறுவயதிலேயே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அருகிருந்து பராமரித்தார். முறையான செவிலியர் பயிற்சி எதையும் இவர் பெறவில்லை.

பதின்ம வயதிலேயே ஆசிரியரானார். 1852இல் நியூ செர்சியின் போர்டன்டவுன் நகரில் இலவசப் பொதுப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பள்ளி வளர்ந்தபின் அதன் தலைமைப் பொறுப்பு ஓர் ஆணுக்கு அளிக்கப்பட்டது. உடல்நலம் குன்றிக் குரலையும் இழந்த பார்ட்டன் பணியிலிருந்து விலகினார். 1854இல் வாசிங்டன் சென்று காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

உள்நாட்டுப் போர்

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோது காயமுற்ற வீரர்களுக்கு உதவிப் பொருட்களைத் திரட்டினார். 1862 ஆகத்தில் போர்முனைக்குச் செல்ல அனுமதி பெற்றார். அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று அன்டீட்டம் சண்டையில், இவரது சட்டைக் கையைத் துளைத்துச் சென்ற குண்டு, இவர் கவனித்துக்கொண்டிருந்த வீரரைக் கொன்றது. இருந்தும் பணியைத் தொடர்ந்தார். சண்டை ஓய்ந்தபின் காய்ச்சலும் களைப்பும் மேலிட்டு வீழ்ந்தார். நெருக்கடியின்போது உறுதியாக நிற்பதும், அது முடிந்ததும் நோயில் விழுவதும் இவரது வாழ்வில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தன.

போருக்குப்பின் காணாமற்போன வீரர்களைத் தேடும் அலுவலகம் ஒன்றை நடத்தினார். அதற்கு 63,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. ஏறத்தாழ 22,000 பேரின் கதி கண்டறியப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் இறந்தவர்கள் என்பதால், துயரச் செய்தியைக் குடும்பத்தினருக்கு அறிவிப்பதே இவரது அன்றாட வேலையாயிற்று.

நோயும் ஓய்வும்

போர் அனுபவங்களைப் பற்றி ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றி வந்த பார்ட்டன், 1868இல் மேடையிலேயே குரலை இழந்தார். மருத்துவர்களின் அறிவுரைப்படி ஓய்வெடுக்க 1869இல் ஐரோப்பா சென்றார். அங்குதான் செஞ்சிலுவை இயக்கத்தைப் பற்றி அறிந்தார். 1870இல் பிரான்சிய-பிரசியப் போர் மூண்டதும் ஓய்வைக் கைவிட்டு உதவிப் பணியில் இறங்கினார். மீண்டும் உடல்நலம் கெட்டது. 1873இல் நாடு திரும்பியபின், 1876இல் நியூயார்க் மாநிலத்தின் டான்சுவில் நகரிலிருந்த உடல்நல நிலையத்தை நாடிச் சென்று படிப்படியாகத் தேறினார்.

அக்காலத்தில் இந்நிலை நரம்புத் தளர்ச்சி என்றே அழைக்கப்பட்டது. பணிச்சோர்வு என்னும் கருத்து 1970களில்தான் மருத்துவ, உளவியல் நூல்களில் இடம்பெறத் தொடங்கியது.

செஞ்சிலுவைச் சங்கம்

1881 மே 21 அன்று அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவி அதன் முதல் தலைவரானார். 1882இல் ஐக்கிய அமெரிக்கா செனீவா உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. 2,200க்கும் மேற்பட்டோர் இறந்த 1889ஆம் ஆண்டு சான்சுடவுன் வெள்ளத்தின்போது அந்நகரில் ஐந்து மாதங்கள் தங்கிப் பணியாற்றினார். 1900இல் கால்வெசுடன் சூறாவளியின்போது இவருக்கு வயது 78.

பொறுப்புகளைப் பிறருடன் பகிராமல் தாமே சுமந்த இவரது நிர்வாக முறை கடும் விமரிசனத்துக்கு உள்ளானது. 1904இல் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். 1912இல் மேரிலாந்து மாநிலத்தின் கிளென் எக்கோவில் இருந்த தமது இல்லத்தில் காலமானார். அவ்வில்லம் பின்னர் தேசிய வரலாற்றுத் தலமாக்கப்பட்டது.