காற்றில் அலையும் கூந்தல்: ஆபி வார்பர்க் வாழ்க்கை

ஓவியமும் கவிதையும் உடன்பிறந்த கலைகள் என்று மேடையில் சொல்லிவிடுதல் எளிது. அந்த உறவைச் சான்று காட்டி நிறுவுதல் எளிதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் கலை வரலாறு பயின்ற இளைஞர் ஒருவர் அதனைச் செய்தார். மாணவப் பருவத்தில் அவர் எழுப்பிய ஒரு வினா, அவர் வாழ்நாள் முழுவதையும் நடத்திச் சென்றது. அவர் பெயர் ஆபி வார்பர்க். கவிஞர்கள் கூடி வளர்த்த ஒரு வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவரை நினைவுகூர்தல் பொருத்தமே.

1866ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள், ஹாம்பர்க் நகரில், யூத வங்கியாளர் குடும்பமொன்றில் ஏழு மக்களுள் மூத்தவராக ஆபி பிறந்தார். 1798இல் நிறுவப்பெற்ற குடும்ப வங்கியின் பொறுப்பு மூத்த மகனையே நோக்கி நின்றது. ஆனால் அவருக்கு வாணிகத்தில் நாட்டம் இல்லை. பதின்மூன்றாம் வயதில் தம்பி மாக்சுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். மூத்தவனுக்குரிய உரிமையைத் தம்பி எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாக, அண்ணன் கேட்கும் நூல்களையெல்லாம் வாங்கித் தரவேண்டும். தம்பி மகிழ்ந்து இசைந்தார். விவிலியத்தில் ஏசா தன் தலைமகன் உரிமையைக் கூழுக்கு விற்றான். ஆபி அதனை நூலுக்கு விற்றார். சிறுவர் இருவர் பேசிய அந்தப் பேச்சு பின்னாளிலும் காக்கப்பட்டது என்பதே வியப்பு.

குடும்பத்தார் அவர் சமயக் குருவாவதை விரும்பினர். அவரோ மருத்துவம், சட்டம் ஆகியவற்றையும் விலக்கிவிட்டு, 1886இல் பான் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு பயிலச் சேர்ந்தார். அக்காலத்து ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் இளங்கலை, முதுகலை என்னும் படிகள் இல்லை. பள்ளிப் படிப்பை முடித்தவர், தாம் விரும்பிய ஆசிரியரைத் தேடி ஊர்விட்டு ஊர் சென்று கேட்டுக் கற்று, நேரே முனைவர் ஆய்வேட்டுக்கு வரலாம். கலை வரலாறோ அப்போது இளந்துறை. எந்த ஓவியம் யாருடையது, எந்த ஆண்டினது, எந்தப் பாணியைச் சேர்ந்தது என்று பகுப்பதே அதன் தலையாய பணியாக இருந்தது.

வார்பர்க் அவ்வெல்லைக்குள் நிற்கவில்லை. வெலாஸ்கெஸ் வரலாற்றை எழுதிய கார்ல் யூஸ்டியிடம் ஓவியம் கற்றார். ஹெர்மன் ஊசெனரிடம் தொன்மங்களையும் பழஞ்சமயங்களையும் கேட்டார். கார்ல் லாம்ப்ரெக்டிடம் பண்பாட்டு வரலாற்றைக் கற்றார். வெவ்வேறு வகுப்பறைகளில் கேட்டவை அவருடைய உள்ளத்தில் ஒன்றோடொன்று உரையாடத் தொடங்கின.

1888ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பேராசிரியர் ஆகஸ்ட் ஷ்மார்சோ மாணவர் சிலரை ஃபுளாரன்ஸ் நகருக்கு அழைத்துச் சென்றார். அவர்களுள் இருபத்திரண்டு வயது வார்பர்க்கும் ஒருவர். பின்னாளில் தம் வாழ்க்கைத் துணைவியான மேரி ஹெர்ட்ஸ் என்னும் ஓவியரை அவர் கண்டதும் அங்கேதான். போட்டிசெல்லியின் வீனஸ் பிறப்பு, வசந்தம் ஆகிய ஓவியங்களின் முன் நின்றபோது ஒன்று அவர் கண்ணில் பட்டது. பெண்களின் முகங்கள் அமைதியாக இருக்கின்றன. ஆனால் அவர்களுடைய கூந்தலும் ஆடையும் காற்றில் அலைந்து சுழல்கின்றன. உடல் அடங்கியிருக்க, ஓரங்களில் மட்டும் இத்தனை வேகம் ஏன்?

சிறியதாகத் தோன்றும் இவ்வினா ஒரு பெருங்கருத்தை அசைத்தது. பழங்கிரேக்கக் கலை என்றாலே அமைதியும் எளிமையும்தான் என்று 18ஆம் நூற்றாண்டில் விங்கல்மன் வகுத்துரைத்தது கற்றோர் நெஞ்சில் வேரூன்றியிருந்தது. 15ஆம் நூற்றாண்டின் ஃபுளாரன்ஸ் நகரத்தார் பழமையிடம் தேடியது அமைதியை அன்று, அசைவையும் உணர்ச்சி வேகத்தையுமே என்று வார்பர்க் கண்டார். அதற்கு அவர் அழைத்த சான்று கவிதை. மெதிச்சி குடும்பத்தைச் சார்ந்த கவிஞர் பொலிட்சியானோ தம் காவியத்தில் வீனஸ் பிறந்த காட்சியைப் பாடியிருந்தார். காற்றில் அலையும் கூந்தலும் அதில் இருந்தது. ஓமரின் பெயரால் வழங்கும் பழம்பாடலும் ஓவிதின் கவிதையும் பொலிட்சியானோவுக்கு ஊற்று. ஓவியர் கூந்தலையும் ஆடையையும் காற்றில் அசையச் செய்ய வேண்டும் என்று ஆல்பர்ட்டி தம் ஓவிய நூலில் முன்னரே கூறியிருந்தார். ஆக, போட்டிசெல்லியின் தூரிகைக்குக் காற்றைத் தந்தவர் ஒரு கவிஞர். இதுவே வார்பர்கின் முடிவு.

யூஸ்டி இந்தத் தலைப்பில் ஆர்வம் காட்டவில்லை. வார்பர்க் தலைப்பை மாற்றிக்கொள்ளவில்லை; பல்கலைக்கழகத்தை மாற்றிக்கொண்டார். ஸ்ட்ராஸ்பர்க்கில் ஹூபர்ட் யானிட்செக்கின் கீழ் 1891இல் ஆய்வேட்டை முடித்தார். 1893இல் அது நூலாயிற்று. அளவில் சிறிய நூல். ஆனால் கவிதையைப் படிக்காமல் ஓவியத்தைப் படிக்க இயலாது என்பதை அது நிலைநாட்டியது.

அதன்பின் அவர் வாழ்வு ஒரு நூலகத்தின் வாழ்வு எனலாம். பல்கலைக்கழகப் பதவிகளை அவர் நாடவில்லை. 1912இல் ஹாலே பல்கலைக்கழகம் அழைத்தபோதும் செல்லவில்லை. தம்பியர் பொருள் தர, ஹாம்பர்க்கில் நூல்களைச் சேர்த்தார். அவற்றை அகரவரிசையிலோ துறைவரிசையிலோ அடுக்கவில்லை. ஒரு நூலைத் தேடி வருபவருக்கு அதனருகே நிற்கும் அறியாத நூலே உண்மையில் வேண்டியதாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. ஆதலின் சோதிடத்துக்கு அருகே வானியலும், விழாக்களுக்கு அருகே நாடகமும் அமர்ந்தன. சிந்தனை மாறும்போதெல்லாம் நூல்களும் இடம் மாறின.

1912இல் ரோம் நகரில் கூடிய கலை வரலாற்று மாநாட்டில் அவர் ஆற்றிய உரை நமக்குத் தனியாகச் சுவை தருவது. ஃபெராராவின் ஸ்கிஃபனோயா மாளிகைச் சுவரில், மேட இராசிக்குரிய மார்ச் மாத ஓவியத்தில், இடையில் கயிறு கட்டிய கரிய மனிதன் ஒருவன் நிற்கிறான். அவன் யார் என்று எவருக்கும் விளங்கவில்லை. ஃபிரான்ஸ் போல் என்னும் அறிஞரின் ஆய்வைத் துணைக்கொண்டு வார்பர்க் விடை கண்டார். ஓர் இராசியை மூன்றாகப் பகுப்பதை நம் சோதிடர் திரேக்காணம் என்பர். மேடத்தின் முதல் திரேக்காணத்துக்கு வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் வடமொழியில் தீட்டிய சொல்லோவியமே அம்மனிதனின் மூதாதை. கிரேக்கத்தில் தோன்றிய கருத்து இந்தியாவில் வடிவம் மாறி, பாக்தாதின் அபூ மஷர் நூலில் இடம்பெற்று, ஈபுரு, இலத்தீன் மொழிகளைக் கடந்து, 1470ஆம் ஆண்டையொட்டி இத்தாலியச் சுவரில் ஏறியது. ஒரு படிமம் சொல்லாக மாறி, நாடுகளைக் கடந்து, மீண்டும் படிமமாகிறது. எல்லைக் காவலர் எவரும் அதைத் தடுக்கவில்லை. அவ்வெல்லைகளைக் காவல் செய்தவர்கள் ஆய்வாளர்களே என்பதை வார்பர்க் உணர்த்தினார்.

1914இல் மூண்ட போர் அவரை நிலைகுலைத்தது. போரின் முடிவில், 1918இல், மனம் பேதலித்தது. 1921 முதல் சுவிட்சர்லாந்தின் க்ரொய்ட்ஸ்லிங்கன் மருத்துவமனையில் லுட்விக் பின்ஸ்வாங்கரின் பராமரிப்பில் இருந்தார். தம் மனம் தெளிந்துவருவதை நிறுவ, மருத்துவர் முன்னும் நோயாளிகள் முன்னும் ஓர் உரை நிகழ்த்த அவர் முன்வந்தார். 1923 ஏப்ரல் 21ஆம் நாள், 1895–96இல் தாம் சென்று கண்ட அமெரிக்கப் பழங்குடிகளின் பாம்புப் படிமங்களைக் குறித்துப் பேசினார். மின்னலைப் பாம்பாகக் காணும் மனிதன், அச்சத்துக்கும் தனக்கும் இடையே ஒரு வெளியைப் படைத்துக்கொள்கிறான் என்பது அவ்வுரையின் சாரம். அச்சத்தின் பிடியில் ஐந்தாண்டு கிடந்தவர் அதைச் சொன்னார் என்பதில்தான் அவ்வுரையின் கனம் இருக்கிறது. 1924இல் அவர் வீடு திரும்பினார்.

இடைக்காலத்தில் ஃப்ரிட்ஸ் சாக்ஸ்ல் நூலகத்தைக் காத்து, புதிய பல்கலைக்கழகத்தின் அறிஞர்களுக்கு அதனைத் திறந்துவிட்டிருந்தார். 1926இல் நூலகத்துக்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது. வாயிலில் பொறிக்கப்பெற்ற ஒரே சொல் நெமோசினே. கலைத்தேவியரின் தாயான நினைவின் பெயர். கரிய துணி போர்த்திய பலகைகளில் படங்களை மட்டும் அருகருகே பொருத்தி, படிமங்களின் நினைவை ஒரு படத்தொகுப்பாக அமைக்கும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். அது முற்றுப்பெறுமுன், 1929 அக்டோபர் 26ஆம் நாள், இதய நோயால் மறைந்தார்.

நான்காண்டுகளில் ஹிட்லரின் ஆட்சி வந்தது. 1933 டிசம்பரில் ஏறத்தாழ 60,000 நூல்கள் இரண்டு சிறு கப்பல்களில் ஏறி இலண்டன் சேர்ந்தன. சாக்ஸ்லும் கெர்ட்ரூட் பிங்கும் உடன் சென்றனர். 1944இல் அந்நூலகம் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. படிமம், சொல், திசையறிதல், செயல் என்னும் நால்வகைப் பகுப்பில் நூல்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. ஓவியம் கற்க வரும் மாணவர், படிமத்தின் தளத்திலிருந்து படியேறினால் சொல்லின் தளத்தை அடைகிறார். இருபத்திரண்டு வயது மாணவர் ஒருவர் போட்டிசெல்லியின் முன் நின்று கண்ட வழியும் அதுவே.