நுரையீரலைக் காக்கும் சேனை!
டாக்டர் பர்னெட்டின் வாழ்க்கை

மார்கழித் திருவாதிரை. கடலூரிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் மக்கள் சிதம்பரத்துக்குத் திரளுகிறார்கள். நெருக்கியடிக்கும் கூட்டத்தில் ஒருவர் இருமினால், பக்கத்தில் நிற்பவருக்கும் விஷக் காய்ச்சல் தொற்றிக்கொள்ளும்.

ஆனாலும் பெரும்பாலோர் சில நாட்களில் எழுந்து நடமாடுகிறார்கள். கிருமியை விரட்டியது யார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி உழைத்தவர் டாக்டர் மக்ஃபர்லேன் பர்னெட்.

வண்டு பிடித்த சிறுவன்

ஆஸ்திரேலியாவில் டிராரால்கன் என்ற ஊரில் 1899-ம் ஆண்டு பிறந்தார். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை. வண்டு சேகரிப்பதில் அலாதி ஆசை.

அவர் மெல்போர்னில் டாக்டருக்குப் படித்த காலத்தில், 1918-ல், விஷக் காய்ச்சல் உலகை உலுக்கியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் மாண்டார்கள்.

முட்டைக்குள் கிருமி

அந்தக் காய்ச்சலின் கிருமி, உயிருள்ள அணுவுக்குள்தான் பெருகும். கரு வளரும் கோழி முட்டைக்குள் அதை வளர்க்கும் முறையைப் பர்னெட் செம்மைப்படுத்தினார். இரண்டாவது உலகப் போரின்போது, வீரியம் குறைத்த கிருமியைக் கொண்டு தடுப்பு மருந்து தயாரித்தார். போர் வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை.

அவர் ஓய்ந்துவிடவில்லை. உடல் தன் பகைவனை எப்படி அடையாளம் காண்கிறது என்று ஆராய்ந்தார். 1957-ல் தம் முடிவை வெளியிட்டார். உடம்பில் பலவகைக் காவல் அணுக்கள் முன்பே இருக்கின்றன; ஒவ்வொரு வகைக்கும் ஒரு பகைவனைத்தான் தெரியும். அந்தப் பகைவன் வந்ததும், அந்த வகை மட்டும் பெருகிச் சேனையாகிறது என்றார். தன்னுடையது எது, அன்னியம் எது என்பதை உடல் கற்றுக்கொள்வது பற்றிய ஆராய்ச்சிக்காக, 1960-ல் மெடவாருடன் நோபல் பரிசு பெற்றார்.

ஒளிந்திருக்கும் பகைவன்

நுரையீரல் அணுவுக்குள் புகுந்துவிட்ட கிருமியை எப்படிப் பிடிப்பது? இதற்கு வழி காட்டியவர்கள் டோஹெர்ட்டி, சிங்கர்நாகல் என்ற இருவர். 1970-களில், அதே ஆஸ்திரேலியாவில், எலிகளைக் கொண்டு கண்டறிந்தார்கள்.

கிருமி புகுந்த அணு, கிருமியின் துணுக்கு ஒன்றைத் தன் மேற்புறத்தில் காட்டும். மார்பெலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் பக்குவமான 'கொல்லும் டி அணு' அதைக் கண்டுகொள்ளும். அந்த அணுவைத் துளைத்து, நஞ்சைச் செலுத்தி மடியச் செய்யும். கிருமி பெருகும் இடமே அழிந்துபோகும். போர் முடிந்ததும் சில வீரர்கள் நுரையீரலிலேயே காவல் இருப்பார்கள்.

ஆனால் இந்தப் போர் அளவு மீறினால் நுரையீரலே புண்படும். சேனைக்கு வீரமும் வேண்டும், கட்டுப்பாடும் வேண்டும்.

1985-ல் பர்னெட் காலமானார். தடுப்பு மருந்தில் தோல்வி கண்டவர், உடலுக்குள் இருக்கும் சேனையின் ரகசியத்தை உலகுக்குக் காட்டினார்.

காய்ச்சல் கண்டால் திருவிழாவுக்குப் போகாமல் வீட்டில் படுத்து ஓய்வெடுங்கள். உங்கள் சேனை போரிடட்டும். பக்கத்து வீட்டாரும் பிழைப்பார்கள்!