இயற்கை வளத்தின் கையிருப்பைக் கணக்கில் சேர்த்த ஜே.சி. குமரப்பா

ஒரு நாட்டின் வளர்ச்சியை மதிப்பிடும்போது, அது ஈட்டிய வருவாயுடன் அதற்காகத் தீர்த்த இயற்கை வளத்தையும் கணக்கிட வேண்டும் என்ற கருத்து இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. விடுதலைக்கு முன்பே இக்கேள்வியை இந்தியத் திட்டமிடலின் முன் வைத்தவர் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவர், லண்டனில் பட்டயக் கணக்காளராகி, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், இந்திய வறுமைக்கும் பிரிட்டிஷ் அரசின் நிதிக் கொள்கைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அந்த ஆய்வே 1929இல் அவரை மகாத்மா காந்தியிடம் கொண்டு சேர்த்தது.

காந்தியின் விருப்பப்படி, குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாதர் வட்டத்தைச் சேர்ந்த 50க்கும் மேற்பட்ட கிராமங்களில் பொருளாதாரக் கணக்கெடுப்பை நடத்தினார். உழவரின் வருவாய் தாங்க முடியாத அளவுக்கு நிலவரி இருந்ததை அது வெளிப்படுத்தியது. 1934இல் தொடங்கப்பட்ட அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தின் செயலாளராகி, வார்தாவில் செக்கு எண்ணெய், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு ஆகியவற்றை மேம்படுத்தினார்.

1938இல் ஜவாஹர்லால் நேரு தலைமையில் காங்கிரஸ் அமைத்த தேசியத் திட்டக் குழுவில் இடம்பெற்ற குமரப்பா, பெருந்தொழில்களின் பக்கம் அது சாய்ந்ததால் விரைவில் விலகினார். பின்னர் சிறையில் எழுதிய 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' நூல் 1945இல் வெளியானது. நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. காடு போன்றவை அளவோடு பயன்படுத்தினால் மீண்டும் வளரும் வளம். முதல் வகையை நம்பிய பொருளாதாரம் நிலைக்காது என்பதும், குறைந்துவரும் வளத்துக்கான போட்டி நாடுகளைப் போருக்கு இட்டுச் செல்லும் என்பதும் அவரது வாதம்.

அவர் தலைமையிலான நிலச் சீர்திருத்தக் குழு, இடைத்தரகர்களை நீக்கவும் நில உச்சவரம்பு விதிக்கவும் 1949இல் பரிந்துரைத்தது. ஆனால், 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழில்களுக்கே முன்னுரிமை அளித்தது. உருக்கும் மின்சாரமும் கிராமத் தொழிலால் கிடைக்காது என்ற எதிர்வாதத்துக்கே அன்று வலு இருந்தது.

மதுரை அருகே கல்லுப்பட்டியில் இறுதிக்காலத்தைக் கழித்த குமரப்பா, காந்தியின் நினைவு நாளான ஜனவரி 30 அன்று, 1960இல் காலமானார். காடு, நீர், நிலம் ஆகியவற்றின் கணக்குகளை மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2018 முதல் வெளியிட்டு வருகிறது. அக்கணக்குகள் திட்ட முடிவுகளை எந்த அளவுக்கு மாற்றும் என்பதில்தான் குமரப்பாவின் கேள்விக்கான விடை அடங்கியுள்ளது.