ஆசிய விளையாட்டுகளின் தந்தை குரு தத் சோந்தி

யூபிலி மலரில் பஞ்சாபியர் ஒருவரைப் பற்றி எழுதுவானேன் என அன்பர்கள் கேட்கலாம். நம் ஆரம்பாக்கத்தில் விழா என்றால் இளைஞர்களுக்கு ஓட்டப்பந்தயம் உண்டு. வென்றவர் பெயர் ஒலிபெருக்கியில் வரும். திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டவர் பெயர் வருவதில்லை. கோடு போடுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரை நாம் அறிந்துகொள்வது நன்று.

1890-இல் பிறந்த சோந்தி, பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அரை மைல் ஓட்ட வீரர். கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பி, லாகூர் அரசுக் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். 1932 முதல் இறக்கும்வரை பன்னாட்டு ஒலிம்பிக் குழுவில் உறுப்பினர்.

1934-இல் இந்தியா, ஆப்கானிஸ்தான், இலங்கை, பாலஸ்தீனம் ஆகிய நான்கு நாடுகளைக் கூட்டி, டில்லியிலும் பாட்டியாலாவிலும் மேற்காசியப் போட்டிகளை நடத்தினார். 1938-இல் நடக்கவேண்டிய அடுத்த போட்டி நடைபெறவில்லை. உலகப் போரும் மூண்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கின்போது ஆசிய அணித் தலைவர்களை ஒருங்கே அமரவைத்துப் பேசினார். மறு ஆண்டு டில்லியில் ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பு பிறந்தது. 1950-இல் நடத்த எண்ணிய முதல் போட்டி, ஏற்பாடுகள் தாமதமானதால் 1951 மார்ச்சில் டில்லியில் நடந்தது. 11 நாடுகள், 489 வீரர்கள். அந்த ஏற்பாடுகளை முடித்துக் கொடுத்தவர் அந்தோணி டி மெல்லோ. (ஞான நூல்கள் எழுதிய இயேசு சபைக் குரு அல்லர், பெயர்தான் ஒன்று.) 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் நம் லெவி பிண்டோ தங்கம் வென்றார்.

அவருடைய உண்மையான சோதனை 1962-இல் ஜகார்த்தாவில் வந்தது. இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசிய அரசு விசா வழங்கவில்லை. இரு உறுப்பு நாடுகளை வெளியே நிறுத்தி நடத்துவதை ஆசிய விளையாட்டு என்று அழைக்கக்கூடாது என்றார் சோந்தி. தாம் பெற்று வளர்த்த குழந்தைக்கு, தாமே பெயர் மறுக்கவேண்டிய நிலை! ஊரே கொதித்தது. கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. அவர் ஜகார்த்தாவை விட்டு வெளியேற நேர்ந்தது. மறுநாள், சுமார் ஒரு லட்சம் பேரின் கூச்சலுக்கிடையே நம் கால்பந்து அணி தென்கொரியாவை 2-1 என வென்றது.

போட்டி தொடங்கிய பின் இதைக் கிளப்பி, நம் வீரர்களை இடரில் தள்ளினார் என்று குறை கூறுவோர் கூறலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அவர் வாய்மூடி இருந்திருந்தால், அழைப்பும் விலக்கும் அரசுகளின் விருப்பம் என்றாகியிருக்கும் என்பதே நம் எண்ணம்.

1966 நவம்பரில் சோந்தி காலமானார். அடுத்த மாதம் பாங்காக்கில் நடந்த ஐந்தாவது ஆசிய விளையாட்டில் இஸ்ரேலும் தைவானும் பங்கேற்றன.